பேத்தியும் நானும் ஸ்பானிஷ் பன்மையும்

எங்கள் வேப்பம்பட்டில் என் வயதுக்காரர்கள் காலையில் ஸ்டேஷன் வரை நடப்போம், டீ குடிப்போம், டி.ஏ. எத்தனை சதவீதம் ஏறியது என்று பேசுவோம், திரும்பி வருவோம். எழுபத்தைந்து வயதில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒருமை பன்மை என்று இரண்டு பத்தி கோடு போட்டு எழுத உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உட்கார்ந்தேன். அந்தக் கதைதான் இது.

மகள் வயிற்றுப் பேத்தி மெக்கானிக்கல் படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பம்ப், வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவர்கள் சரக்கு மெக்சிகோவுக்குப் போகிறதாம். அங்கே மெஷின் பொருத்தும்போது கூட நிற்க இரண்டு பேரை மூன்று மாதம் அனுப்பப் போகிறார்கள், அடிப்படை ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை, ஒரு வாய்மொழித் தேர்வும் உண்டு என்று நோட்டீஸ் போட்டார்கள். எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஏழு பேர் ஆண்கள், எட்டாவது இவள். கம்பெனியே ஆன்லைனில் ஒரு டீச்சரம்மாவை ஏற்பாடு செய்தது.

இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி நோட்டோடு என் அறைக்கு வந்தாள்.

"தாத்தா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. ஸ்பானிஷ் அதோட தங்கச்சி மாதிரிதானாம். இந்தப் பன்மையைக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

எனக்கு எப்படி இருந்தது என்று பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களுக்காக இரண்டு வரி. நான் பாண்டிச்சேரியில் பிறந்தவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார், குடும்பத்தோடு கப்பலேறினார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து எடுக்கவும் இல்லை. நாடு ஒன்று, படிப்பு இன்னொன்று என்று ஆயிற்று எனக்கு. பிரெவே பரீட்சை தேறிய கையோடு ஆங்கிலத்தைத் தலைகீழாக நின்று படித்து, ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தேன். முப்பத்தாறு வருஷ சர்வீசில் என் பிரெஞ்சால் ஒரு கோப்புகூட நகர்ந்ததில்லை. பிரெஞ்சில் ஹெச் எழுத்துக்கு ஓசை கிடையாது. அந்தப் பழக்கத்தில் 'ஹெட் ஆபீஸ்' என்பதை 'எட் ஆபீஸ்' என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து செக்ஷனில் என் பெயர் 'எட் கிளார்க்'. ஹெட் கிளார்க் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவனிடம் வந்து ஒரு குழந்தை, உங்களுக்குத்தான் தெரியுமே என்கிறது. விடுவேனா?

"ரொம்ப சுலபம் கண்ணு. கடைசியில ஒரு எஸ் சேர்த்துக்கோ. ஆனா எழுதறதோட சரி, வாயால சொல்லக்கூடாது."

பிரெஞ்சில் அதுதான் முறை. 'லீவ்ர்' என்றால் புத்தகம். பன்மைக்கு எஸ் போட்டாலும் உச்சரிப்பு அதே 'லீவ்ர்' தான். முன்னால் வரும் 'லெ' என்ற சொல் 'லே' ஆவதை வைத்துத்தான் பன்மை என்று காது கண்டுபிடிக்கும். அந்த ராத்திரி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். பாடத்தோடு பாடமாக, எஸ்ஸுக்குப் பதில் எக்ஸ் வாங்கும் ஏழு பிரெஞ்சுச் சொற்களையும் ஒப்பித்துக் காட்டினேன்: பிஜூ, கையூ, ஷூ, ஜெனூ, ஈபூ, ஜூஜூ, பூ. நகை, கூழாங்கல், முட்டைக்கோஸ், முழங்கால், ஆந்தை, விளையாட்டுச் சாமான், பேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த ஏழும் வரும். கடைசிச் சொல்லில்தான் எங்கள் வகுப்பு முழுவதும் சிரிக்கும். பிரெஞ்சில் 'பூ' என்றால் பேன். "எங்க அம்மா தலை நிறைய பூ" என்று ஒரு பையன் சொல்லி, பிரெஞ்சு மட்டும் தெரிந்த வாத்தியார் முகத்தைச் சுளித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. பேத்தியும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்பானிஷுக்கும் இந்த ஏழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

மறுநாள் ராத்திரி அவள் சிரிக்கவில்லை. பையை நாற்காலியில் போட்ட வேகத்திலேயே தெரிந்தது.

வகுப்பில் டீச்சரம்மா ஸ்டோர் கீப்பர் போல் நடித்து, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவள் அந்த வால்வுகளைக் கேட்க வேண்டும். ஸ்பானிஷில் வால்வு 'பால்புலா'. 'அந்த வால்வு' என்றால் 'லா பால்புலா'. 'அந்த வால்வுகள்' என்றால் 'லாஸ் பால்புலாஸ்'. இவள் தாத்தா சொன்னபடி இரண்டு எஸ்ஸையும் விழுங்கிவிட்டாள். மீந்தது 'லா பால்புலா'. "ஒன்றே ஒன்று போதுமா?" என்று டீச்சர் கேட்டாராம். இவள் இல்லை, பன்னிரண்டு வேண்டும் என்று சொல்லி, மறுபடியும் எஸ்ஸை விழுங்கினாளாம். ஏழு பையன்களும் மைக்கை அணைக்காமலே சிரித்திருக்கிறார்கள்.

"ஸ்பானிஷ்ல எழுதற எஸ் எல்லாத்தையும் சொல்லணுமாம் தாத்தா. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

பதில் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. 'எட் கிளார்க்' என்று கூப்பிட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

மறுநாள் காலையில் நடைக்குப் போகாமல் கடைக்குப் போய் நோட்டு வாங்கினேன். மகளிடம் கேட்டு போனில் பாடம் போடக் கற்றுக்கொண்டேன். பகலெல்லாம் நான் படிப்பது, ராத்திரி அவள் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சரிபார்ப்பது. முதல் இரண்டு நாள் நான் சொல்வதை எல்லாம் போனில் தட்டிப் பார்த்த பிறகுதான் எழுதினாள். மூன்றாம் நாளிலிருந்து பாதிக்குப் பாதி நம்பினாள்.

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதற்குப் பிரெஞ்சைவிடத் தமிழ்தான் உதவிக்கு வருகிறது என்று. ஆர்வம் உள்ளவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் பேரன் பேத்திகளும் நாளைக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

சொல் உயிரெழுத்தில் முடிந்தால் எஸ் மட்டும் சேர்த்தால் போதும். லீப்ரோ, லீப்ரோஸ். மேசா, மேசாஸ். மேசா என்றால் நம்முடைய மேசைதான். அது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அலமாரியும் சாவியும் அப்படியே. அலமாரிக்கு ஸ்பானிஷில் 'அர்மாரியோ'. சாவிக்குப் போர்த்துக்கீசிய மொழியில் 'ஷாவெ', ஸ்பானிஷில் 'யாவே'. இந்த யாவே என்ற சொல்லுக்கே ஸ்பானர் என்றும் பொருள் உண்டு. அதைக் கேட்டதும் பேத்திக்கு ஒரே உற்சாகம். "அப்போ என் டூல் பாக்ஸ் பூரா சாவிக்கொத்து தாத்தா" என்றாள். யாவே, யாவேஸ்.

மெய்யெழுத்தில் முடிந்தால் எஸ் மட்டும் ஒட்டாது, இடையில் ஓர் 'எ' வேண்டும். மோதோர், மோதோரெஸ். ஃப்ளோர் என்றால் நம்ம ஊர்ப் பூ, ஃப்ளோரெஸ் பூக்கள். சியுதாத் நகரம், சியுதாதெஸ் நகரங்கள். நாக்கு தடுக்காமல் இருக்க நாம் பஸ்ஸு, காரு என்று உகரம் போட்டுக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு தாங்கல்.

இசட் எழுத்தில் முடியும் சொற்கள்தான் அவளைப் படுத்தின. 'லூஸ்' என்றால் வெளிச்சம், விளக்கு. பன்மை 'லூஸெஸ்'. காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எழுதும்போது அந்த இசட் போய் சி வந்துவிடும். பென்சிலுக்கும் மீனுக்கும் இதே கதை. "ஏன் தாத்தா எழுத்தை மாத்தறாங்க?" என்று சலித்துக்கொண்டாள். பல் என்று எழுதிக் காட்டி, பன்மை எழுதச் சொன்னேன். பற்கள் என்று எழுதினாள். கல்? கற்கள். முள்? முட்கள். "எல் எங்கே போச்சு, எள் எங்கே போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இசட் பற்றி அவள் என்னிடம் கேட்கவே இல்லை. ஸ்பானிஷ்காரர்களுக்கு 'எ' ஓசைக்கு முன்னால் இசட் போட்டு எழுதுவது பிடிக்காது, அவ்வளவுதான்.

தலையில் கோடு போட்ட எழுத்து ஒன்று உண்டு. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதற்கு அந்தக் கோடு. ஸ்டேஷனுக்கு 'எஸ்தாசியோன்', கடைசி அசையில் கோடு. பன்மையில் 'எஸ்தாசியோனெஸ்' ஆனதும் கோடு விழுந்துவிடும். அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சொல் நீண்டதால் அடையாளம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்கு ரயிலில் போகும்போது திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து கல்லூரி என்று ஒவ்வொன்றாகக் கடக்க, 'ஊனா எஸ்தாசியோன், தோஸ் எஸ்தாசியோனெஸ், த்ரேஸ் எஸ்தாசியோனெஸ்' என்று எண்ணிக்கொண்டு வந்தாள். எதிரே இருந்த கீரைக்கார அம்மா இவளை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்படி எண்ணும்போதுதான் தமிழ் வாய் காலை வாரிவிடும். நாம் பத்துத் தேங்காய், இரண்டு மாடு என்போம். பத்து என்று சொன்ன பிறகு தேங்காய்கள் எதற்கு என்பது நம் கணக்கு. ஸ்பானிஷ் ஒத்துக்கொள்ளாது, எண் சொன்னாலும் பன்மை சொல்ல வேண்டும். அதோடு விடுகிறதா? பெயர்ச்சொல் பன்மையானால் கூட வரும் நிறமும் குணமும் பன்மையாக வேண்டும். சிவப்பு மெஷின் 'மாக்கினா ரோஹா'. சிவப்பு மெஷின்கள் 'மாக்கினாஸ் ரோஹாஸ்'. சிவப்புகள் மெஷின்கள் என்பது போல. பிரெஞ்சிலும் இப்படித்தான், ஆனால் அங்கே பன்மைக்கு முன்னால் வரும் 'லே' ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொது. ஸ்பானிஷில் பன்மையிலும் 'லோஸ்' வேறு, 'லாஸ்' வேறு.

மாறாத சொற்களும் உண்டு. குடைக்கு 'பராகுவாஸ்'. ஒரு குடையானாலும் ஒன்பது குடையானாலும் அதே பராகுவாஸ். ஏற்கெனவே எஸ்ஸில் முடிகிறது, கடைசி அசையில் அழுத்தமும் இல்லை. திங்கட்கிழமைக்கு 'லூனெஸ்', அதுவும் மாறாது. ஆனால் மாதம் 'மேஸ்', பன்மை 'மேஸெஸ்'. மூன்று மாதம் என்று அவள் தேர்வில் சொல்லியாக வேண்டும் என்பதால் இதை நூறு தடவை சொல்ல வைத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வணக்கம் சொல்லும் விதம். காலை வணக்கம் 'புவெனோஸ் தியாஸ்'. அதாவது நல்ல நாள்கள், பன்மை. பிரெஞ்சில் 'போன்ழூர்', ஒரே ஒரு நல்ல நாளோடு நிறுத்திக்கொள்வார்கள். இதை எழுதும்போது நாள்களா நாட்களா என்று பேத்தி கேட்டுவிட்டாள். எங்கள் நடைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 'நாட்கள்' என்று எழுதினால் 'நாள்பட்ட கள்' என்பார், 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் யாருக்கு ஊற்றப் போகிறீர்கள் என்பார். நன்றிக்குப் பன்மை கிடையாது, 'நன்றிகள்' என்று எழுதுகிறவனைப் பெஞ்சில் ஏற்ற வேண்டும் என்பதும் அவர் கட்சி. ஸ்பானிஷில் நன்றி 'கிராசியாஸ்'. எப்போதும் பன்மை. அவரிடம் இதைச் சொன்னேன். "அவங்க ஊர்ல தாராளமா இருக்கட்டும்" என்று டீயைக் குடித்தார்.

அந்தக் கூட்டத்திலேயே அவர் இன்னொன்று சொன்னார். 'கள்' முதலில் அஃறிணைக்கு உரியதாகத்தான் இருந்ததாம். தொல்காப்பியத்தில் அப்படித்தான். மனிதருக்கு அர், மார் போன்றவை. 'அவர்' என்பதே பலர்பால். அதை மரியாதைக்காக ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பலரைச் சொல்ல மாட்டுக்கும் மரத்துக்கும் இருந்த 'கள்'ளை இழுத்து வந்து 'அவர்கள்' ஆக்கிக்கொண்டோம். இப்போது அதையும் ஒருவருக்கே கொடுக்கிறோம், 'கலெக்டர் அவர்கள்' என்று. ஆபீசில் இப்படி எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன், ஒருநாளும் தோன்றியதில்லை.

மூன்றாம் வாரம் குடும்பம் பற்றிய பாடம் வந்தது. அப்பா 'பாத்ரே'. நம் பாதிரியின் உறவுக்காரச் சொல். 'பாத்ரேஸ்' என்றால் அப்பாக்கள் மட்டுமல்ல, அப்பாவும் அம்மாவும். ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் ஆண்பால் பன்மைதான் இருவருக்கும். தாத்தா 'அபுவேலோ', பாட்டி 'அபுவேலா'. இருவரும் சேர்ந்தால் 'அபுவேலோஸ்'.

"பத்துப் பாட்டி இருந்தாலும் ஒரு தாத்தா வந்து நின்னா அபுவேலோஸா? பாட்டியெல்லாம் எங்கே போனாங்க?" என்று சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்விதான். நான் என்ன செய்ய, நானா எழுதினேன் இலக்கணத்தை.

வீட்டுப்பாடம், குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம். என் தாத்தா பாட்டி வேப்பம்பட்டில் வசிக்கிறார்கள் என்று ஒன்று. 'மிஸ் அபுவேலோஸ்' என்று எழுதினாள். 'பீவென்' என்று வினையையும் பன்மையில் எழுதினாள். அங்கே பேனா நின்றுவிட்டது. என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. சுவரில் படம் இருக்கிறது, பேத்தி அந்தப் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, ஒருமையில மாத்தட்டுமா?"

"இது பன்மைப் பாடம்தானே? அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அப்படியே அனுப்பினாள். டீச்சரம்மா சரி என்று குறி போட்டிருந்தார்.

தேர்வு நடந்த அன்று நான் ஸ்டேஷன் மேடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டரை மணிக்கு போன் வந்தது. பன்னிரண்டு வால்வுகள், நான்கு ஸ்பானர்கள், மூன்று மாதங்கள், எல்லாம் கேட்டார்களாம். எல்லா எஸ்ஸும் சொன்னாளாம். "பாம்பு மாதிரி சீறிட்டு வந்தேன் தாத்தா" என்றாள். தேர்ந்தெடுத்த இருவரில் இவள் ஒருத்தி.

இடையில் எனக்கும் ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவிலும், கடல் தாண்டி கியூபாவிலும், பேச்சில் சொல்லின் கடைசி எஸ்ஸைத் தேய்ப்பவர்கள், விழுங்குபவர்கள் ஏராளமாம். இதைப் படித்ததும் உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: உன் தாத்தா தப்புச் சொல்லவில்லை, அந்தலூசியா உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம் வந்தது.

இப்போது அவள் மெக்சிகோவில் இருக்கிறாள். நமக்கு ராத்திரி ஒன்பது என்றால் அவளுக்குக் காலை. வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிடுவாள், 'புவெனோஸ் தியாஸ்' என்பாள், இங்கே இருட்டிவிட்டது என்பேன். போன வாரம், "நாங்க ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனோம், நாங்களே சமைச்சோம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஸ்பானிஷிலும் சரி, பிரெஞ்சிலும் சரி, 'நாம்' வேறு 'நாங்கள்' வேறு என்று கிடையாது, ஒரே சொல். தமிழில்தான் கேட்ட உடனே தெரிந்துவிடுகிறது, அந்த 'நாங்க'வில் நான் இல்லை என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன்.

மகளிடம் சொல்லி மாங்காய்த் தொக்கு போட்டு வைக்கச் சொன்னாள். அவளோடு வேலை செய்யும் பையன் அடுத்த வாரம் இங்கே வந்து திரும்புகிறானாம், கொடுத்தனுப்ப வேண்டும்.

"எவ்வளவு கண்ணு?"

"ரெண்டு பாட்டில் தாத்தா."

"பாட்டில்கள். எண்ணுக்கு அப்புறமும் பன்மை வரணும், மறந்துட்டியா?"

"ஐயோ, தொக்குக்கெல்லாம் வேண்டாம் தாத்தா" என்று வைத்துவிட்டாள். பஸ் வந்துவிட்டதாம்.